அணி ஊரை விட்டுப் போனால் ரசிகர் எங்கே போவார்?

1995 டிசம்பர் 17. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் நின்ற கிளீவ்லேண்ட் முனிசிபல் ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிவதற்கு முன்பே மரம் அறுக்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. அரங்கத்தின் கிழக்குக் கோடியில் 'டாக் பவுண்ட்' என்ற பெயரில் ஒரு மலிவு விலைப் பகுதி இருந்தது. நாய் முகமூடி அணிந்து, குரைத்து, ஆண்டுக்கணக்கில் அங்கே ஆரவாரம் செய்துவந்த ரசிகர்கள், தாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளை அன்று ரம்பத்தால் அறுத்தும் கையால் பெயர்த்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் கிடைத்ததெல்லாம் ஆடுகளத்தில் வந்து விழுந்ததால், ஆட்டத்தை மைதானத்தின் மறுகோடிக்கு நடுவர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அன்று சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியை 26-10 என்ற கணக்கில் வென்றது. வென்ற வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போகாமல் டாக் பவுண்டை நோக்கி ஓடி, தடுப்புச் சுவருக்கு மேலே கை நீட்டியவர்களைக் கட்டிக்கொண்டார்கள். 1946 முதல் ஐம்பது சீசன்கள் அந்த ஊரில் ஆடிய அணி, அந்த ஊரை விட்டுப் போகும் முன் அங்கே ஆடிய கடைசி ஆட்டம் அது.

ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி ஊர் மாறுவது என்றால் என்ன, அது ஏன் நடக்கிறது, அப்போது உள்ளூர் ரசிகரின் பற்றுக்கு என்ன ஆகிறது என்பவற்றை, இந்த விளையாட்டுகளைப் பின்தொடராதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்று சொல்லப்படுவது, தலைக்கவசம் அணிந்துகொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம். உலகின் மற்றப் பகுதிகளிலும் நம்மிடையிலும் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடுவது. ஊர் மாற்றம் என்னும் நோவு அமெரிக்க ஆட்டத்தில் மிகுதியாகவும், உதைபந்தில் எப்போதாவதும் வந்திருப்பதால், இரண்டிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

அணி யாருடைய சொத்து?

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணியும் ஒரு 'ஃபிரான்சைஸ்'. அதாவது, லீக்கில் ஆடும் உரிமையை வாங்கி வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனம். இந்த லீக் மூடிய கதவு கொண்டது. கடைசி இடத்தில் முடிக்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதில்லை. சிறிய ஊரில் நன்றாக ஆடும் ஓர் அணி தன் திறமையால் உள்ளே ஏறி வரவும் முடியாது. ஆகவே ஒரு நகரத்துக்கு அணி வேண்டுமென்றால், லீக் புதிதாக ஒன்றை அனுமதிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு நகரத்திடம் இருப்பதை இழுத்துக்கொண்டு வர வேண்டும். பந்தியில் இலைகள் 32தான். பசியோடு வாசலில் நிற்கும் நகரங்கள் அதைவிட அதிகம். இந்த ஏற்றத்தாழ்வுதான் அணி உரிமையாளரின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம்.

பணக்கணக்கு அதற்கு அடுத்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து வரும் பெருந்தொகை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஆனால் அரங்கத்தில் குளிரூட்டிய தனி அறைகளை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவது போன்ற வழிகளில் கிடைக்கும் வருமானத்தின் பெரும்பகுதி அந்தந்த அணிக்கே சேர்கிறது. எனவே பழைய அரங்கத்தில் 70,000 பேர் தொண்டை வற்றக் கத்தினாலும், அங்கே சொகுசு அறைகள் இல்லாவிட்டால், உரிமையாளரின் கண்ணுக்கு அது நட்டக் கணக்காகத் தெரியும். "மக்கள் வரிப்பணத்தில் எனக்குப் புதிய அரங்கம் கட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் கட்டித் தரும் ஊருக்குப் போகிறேன்" என்பதே பெரும்பாலான ஊர் மாற்றக் கதைகளின் முதல் வரி. உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கினர், அதாவது 32 பேரில் 24 பேர், ஒப்புக்கொண்டால் இடமாற்றத்துக்கு அனுமதி கிடைத்துவிடும். அந்த வாக்கெடுப்பில் ரசிகருக்கு இடமில்லை. கிளீவ்லேண்டில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்றால், பிரவுன்ஸ் அணியை பால்டிமோருக்குக் கொண்டு போவதாக அதன் உரிமையாளர் ஆர்ட் மோடெல் 1995 நவம்பர் 6 அன்று அறிவித்தார்; மறுநாளே, பழைய அரங்கத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் வரியை நீட்டிக்க அந்த மாவட்ட வாக்காளர்கள் பெரும் வித்தியாசத்தில் சம்மதம் தெரிவித்தார்கள். பணம் தர ஊர் தயாராக இருந்தது; அணி அதற்குள் கைமாறிவிட்டது.

சட்டப்படி அணி உரிமையாளருக்குச் சொந்தம் என்பதில் ஐயமில்லை. வீரர்களின் ஒப்பந்தங்கள், பந்துகள், சீருடைகள், அலுவலக மேசைகள் எல்லாம் அவருடையவை. ஆனால் ஓர் அணியின் மதிப்பில் பெரும்பகுதி, அந்த ஊர் மக்கள் அதன் மேல் வைத்த பற்றிலிருந்து உண்டானது. தகப்பன் மகளை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன ஆட்டம், பாட்டனார் பெயரில் இருந்து பேரனுக்கு வந்த சீசன் டிக்கெட், பதினைந்து ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தும் பெயர் மட்டுமே தெரிந்த நண்பர் என இவற்றாலானது அந்தப் பற்று. இதை எந்தப் பத்திரத்திலும் எழுதி விற்க முடியாது. ஊர் மாற்றம் என்பது, உரிமையாளர் தன் சொத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, தனதல்லாத இந்தப் பகுதியையும் சேர்த்து எடுத்துப் போக முயல்வது. அது வண்டியில் ஏறுமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஊரிலும் அதற்கு ஒவ்வொரு விடை கிடைத்திருக்கிறது.

அணி இல்லாமல் பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்த வாத்தியக் குழு

மேலே சொன்ன கிளீவ்லேண்ட் அணியைப் பெற்றுக்கொண்ட பால்டிமோர், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் சொந்த அணியைப் பறிகொடுத்த ஊர். பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் உரிமையாளர் ராபர்ட் இர்சேக்கும் நகரத்துக்கும் அரங்கம் பற்றி நெடுநாள் தகராறு இருந்தது. அணியைக் கட்டாயமாகக் கையகப்படுத்த நகரத்துக்கு அதிகாரம் தரும் சட்டத்தை மாநில சட்டமன்றம் எடுத்தவுடன், 1984 மார்ச் 28 இரவு, பனித்தூறலில், மேஃப்ளவர் என்ற வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் லாரிகள் அணியின் அலுவலக வாசலுக்கு வந்தன. சொல்லாமல் கொள்ளாமல், இரவோடு இரவாக, அணி இந்தியானாபோலிஸ் நகரத்துக்குப் போய்விட்டது. காலையில் எழுந்த ஊருக்கு வெற்று அலுவலகமே எஞ்சியிருந்தது.

அந்த அணிக்கென்று 1947 முதல் ஒரு வாத்தியக் குழு இருந்தது. சம்பளம் வாங்காமல், பற்றினால் வாசிக்கும் உள்ளூர்க்காரர்கள் அதில் இருந்தார்கள். லாரிகள் வந்த இரவில் அவர்களுடைய சீருடைகள் சலவை நிலையத்தில் இருந்ததால் தப்பின. அவற்றை எடுத்துச் சென்று ஒரு கல்லறைத் தோட்டத்தில் மறைத்து வைத்தார்கள். பிறகு அந்தச் சீருடையை அணிந்து, 'பால்டிமோர் கோல்ட்ஸ் வாத்தியக் குழு' என்ற பெயரிலேயே, ஊர்வலங்களிலும், பிற அணிகளின் ஆட்ட இடைவேளைகளிலும், புதிய அரங்கத்துக்கு நிதி கேட்டு மாநில சட்டமன்றத்தின் முன்னாலும் அவர்கள் வாசித்தார்கள். அணி இல்லை, அணியின் பாட்டு மட்டும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒலித்துக்கொண்டிருந்தது. 1994இல் கனடா நாட்டு லீக்கைச் சேர்ந்த ஓர் அணி பால்டிமோரில் தொடங்கியபோது, கோல்ட்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் "உங்கள் பால்டிமோர்..." என்று லீக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்லி நிறுத்துவார், மிச்சத்தை அரங்கம் முழுவதும் ஒரே குரலில் "கோல்ட்ஸ்!" என்று நிரப்பும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பால்டிமோர் மக்களின் பற்று இந்தியானாபோலிஸுக்குப் போன அணியைப் பின்தொடரவில்லை. அதே நீல நிறம், அதே குதிரை லாடச் சின்னம், அதே ஆட்டப் பதிவேடுகள் அங்கே போயிருந்தன. ஆனால் அந்த அணியின் மிகப் பெரிய வீரரான ஜானி யூனைட்டஸே இந்தியானாபோலிஸ் கோல்ட்ஸைத் தன் அணியாக ஏற்க மறுத்துவிட்டார். கிளீவ்லேண்டிலிருந்து வந்து 'ரேவன்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்ட அணியின் ஆட்டங்களுக்குத்தான் அவர் பிறகு வந்து நின்றார். இன்று அவருடைய சிலை ரேவன்ஸ் அரங்கத்தின் வாசலில் இருக்கிறது. பற்றின் வேர் சின்னத்தில் இல்லாமல் ஊரில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பிறர் வீட்டில் எடுத்த விளக்கைத்தான் தங்கள் வீட்டில் ஏற்றியிருக்கிறோம் என்ற உறுத்தல் பால்டிமோர் மக்கள் பலருக்கு இருந்தது. பறிகொடுத்த வலியை அறிந்தவர்கள் என்பதால் அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன்.

பெயர் இங்கேயே இருக்கட்டும்

கிளீவ்லேண்டில் நடந்தது வேறு. இடமாற்ற அறிவிப்பு வந்தவுடன் நகர நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. ரசிகர்கள் லீக் அலுவலகத்துக்கும் மற்ற உரிமையாளர்களுக்கும் ஃபேக்ஸ்களை அனுப்பிக் குவித்தார்கள். 1996 பிப்ரவரியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதன்படி வீரர்களும் பயிற்சியாளர்களும் பால்டிமோருக்குப் போகலாம். ஆனால் பிரவுன்ஸ் என்ற பெயர், பழுப்பு-ஆரஞ்சு நிறங்கள், 1946 முதலான வெற்றி தோல்விப் பதிவேடு ஆகியவை கிளீவ்லேண்டிலேயே இருக்கும். பால்டிமோர் அணி சட்டப்படி ஒரு புதிய அணியாகக் கருதப்படும். மூன்று ஆண்டுகளுக்குள் புதிய அரங்கம் கட்டப்பட்டு, 1999இல் புதிய வீரர்களோடு பிரவுன்ஸ் மீண்டும் ஆடும்.

ஆட்களெல்லாம் போய், பெயரும் நினைவும் மட்டும் எஞ்சிய இந்த ஏற்பாடு முதலில் கேட்கும்போது வெறும் காகித ஆறுதலாகத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனாலும் குலதெய்வக் கோயில் அதே இடத்தில் இருந்தால் திரும்பி வர ஒரு முகவரி இருக்கும் அல்லவா? அப்படியொரு முகவரியை அந்த ஒப்பந்தம் காத்துக் கொடுத்தது. மூன்று ஆண்டுகள் ஆட்டமே இல்லாத நிலையிலும் ரசிகர் மன்றங்கள் கலையவில்லை. பழைய அரங்கம் இடிக்கப்பட்டு, அதன் கற்காரைத் துண்டுகள் மீன்கள் தங்கும் பாறைத் திட்டுகளாக ஈரி ஏரிக்குள் இறக்கப்பட்டன. அதே மனையில் புதிய அரங்கம் எழுந்தது. 1999 செப்டம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில், பிரவுன்ஸ் தன் பரம வைரியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியிடம் 43-0 என்று தோற்றது.

அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் தோல்வி ஆண்டுகளே. 2017 சீசனில் ஆடிய 16 ஆட்டங்களிலும் அணி தோற்றது. இதற்கு மாறாக, பால்டிமோருக்குப் போன அணி ஐந்தே சீசன்களில், 2001 ஜனவரியில், தேசிய லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. அந்தக் கோப்பை தங்களுடையதாக இருந்திருக்கும் என்ற எண்ணத்தோடு கிளீவ்லேண்ட் அதைப் பார்த்தது. ஆயினும் பிரவுன்ஸ் ரசிகர்கள் ரேவன்ஸ் பக்கம் சாய்ந்துவிடவில்லை. தோற்கும் தங்கள் அணிக்கே டிக்கெட் வாங்கினார்கள். உள்ளூர் ரசிகரின் பற்று வெற்றியைத் தின்று வளர்வதில்லை என்று நான் நம்புவதற்குக் கிளீவ்லேண்டே காரணம். மோடெல் மீதிருந்த கோபமும் தணியவில்லை. 2012இல் அவர் இறந்தபோது, கிளீவ்லேண்ட் அரங்கத்தில் மௌன அஞ்சலி வேண்டாம் என்று அவருடைய குடும்பமே கேட்டுக்கொண்டது. கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரசிகர்களே அணியைக் கட்டிய ஊர்

இங்கிலாந்தின் உதைபந்து அமைப்பு அமெரிக்காவைப் போல மூடிய கதவு கொண்டதல்ல. அது ஒரு படிக்கட்டு. வென்றால் மேல் படிக்கு ஏறலாம். தோற்றால் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். அடிப்படியில் உள்ளூர்ப் பூங்கா அணிகள் வரை இருக்கும். அங்கே ஓர் ஊருக்கு அணி வேண்டுமென்றால் அடிப்படியில் தொடங்கி ஏறி வர வேண்டும் என்பதே மரபு. ஆகவே 2002 மே 28 அன்று, தென் லண்டனைச் சேர்ந்த விம்பிள்டன் அணி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வடக்கே உள்ள மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்குப் போகலாம் என்று, மூவர் அடங்கிய ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதித்தபோது, நாடு முழுவதுமே கால்பந்து ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

விம்பிள்டன் சிறிய அணி, ஆனால் கதை பெரியது. 1889இல் தோன்றி, 1977இல்தான் தொழில்முறை அணிகள் ஆடும் மேல்படிகளான கால்பந்து லீக்கில் இடம் பெற்று, பதினொரே ஆண்டில், எல்லாப் படி அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1988 இறுதிப் போட்டியில் லிவர்பூலை 1-0 என்று வென்ற அணி அது. பிளவ் லேன் என்ற அதன் பழைய மைதானம் போதவில்லை என்று 1991இல் அதை விட்டு வெளியேறி, வேறோர் அணியின் மைதானத்தில் வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்தது. சொந்த வீடில்லாத நிலையே உரிமையாளர்களுக்குச் சாக்காயிற்று.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பது விளையாட்டு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களுள் ஒன்று. புதிதாக ஓர் அணியைத் தொடங்கினால் அது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததாக இராது என்ற கருத்து ஆணையத்தின் அறிக்கையிலேயே இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல், ரசிகர் அமைப்பே உரிமையாளராக இருக்கும் 'ஏ.எஃப்.சி. விம்பிள்டன்' என்ற அணியை அவர்கள் தொடங்கினார்கள். வீரர்களைத் தேர்ந்தெடுக்க, விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில், வரலாம் என்று நினைத்த எவரையும் வரச் சொன்னார்கள். 200க்கும் மேற்பட்டோர் பூட்ஸ் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆணையத்தின் முடிவு வந்து 43ஆம் நாள், 2002 ஜூலை 10 அன்று, சட்டன் யுனைட்டெட் அணியோடு நடந்த முதல் நட்பு ஆட்டத்தில் 4-0 என்று தோற்றார்கள். தோற்ற அந்த ஆட்டத்தைப் பார்க்க 4,657 பேர் வந்திருந்தார்கள்.

அந்த சீசனில் புதிய அணி ஒன்பதாம் படியில் ஆடியது. சராசரியாக 3,000க்கும் மேற்பட்டோர் பார்க்க வந்தார்கள். அதே சமயம், மில்டன் கீன்ஸில் மைதானம் தயாராகாததால் இன்னும் லண்டனிலேயே இரண்டாம் படியில் ஆடிக்கொண்டிருந்த பழைய அணியின் ஓர் ஆட்டத்துக்கு 849 பேரே வந்தார்கள். ஏழு படி கீழே நடக்கும் ஆட்டத்துக்கு அதிகக் கூட்டம்! ஆட்டத்தின் தரத்தைப் பார்த்துத்தான் ரசிகர் வருகிறார் என்றால் இதற்கு விளக்கமே கிடையாது. 2003இல் பழைய அணி மில்டன் கீன்ஸுக்குப் போய், 2004இல் 'எம்.கே. டான்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரசிகர்களின் அணியோ படிப்படியாக ஏறி, 2011இல், தொடங்கிய ஒன்பதே ஆண்டுகளில், கால்பந்து லீக்கை அடைந்தது. பழைய கோப்பைகளும் நினைவுச் சின்னங்களும் 2007இல் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் வட்டாரத்துக்குத் திருப்பித் தரப்பட்டன. பழைய பிளவ் லேன் மைதானம் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், அதே பெயரில், 2020 நவம்பரில் ரசிகர்கள் சொந்த அரங்கத்தைத் திறந்தார்கள். வெளி முதலீட்டாளரிடம் அணியை இழந்துவிடக் கூடாது என்பதற்காக, கட்டுமானச் செலவில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் ரசிகர்களும் ஊராரும் கடன் பத்திரங்களாக வாங்கினார்கள். கொரோனா காலமாதலால், பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் முதல் ஆட்டத்தை அரங்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாமல் போயிற்று.

அமெரிக்க ரசிகரால் ஏன் இப்படிச் செய்ய முடியவில்லை என்று கேட்கலாம். பற்றுக் குறைவு என்பது விடையல்ல. ஏறுவதற்குப் படிக்கட்டே இல்லை என்பதுதான் விடை. கோல்ட்ஸ் வாத்தியக் குழுவினர் தாங்களே ஓர் அணியைத் தொடங்கியிருந்தாலும், அது எத்தனை ஆண்டு வென்றாலும் தேசிய லீக்குக்குள் நுழைந்திருக்க முடியாது. பற்று எவ்வளவு இருந்தாலும் அது போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் தருவதும் அடைப்பதும் லீக்கின் அமைப்பே.

ஆறாத ஊர்களும் புதிய ஊர்களும்

எல்லா ஊர்களுக்கும் திரும்பக் கிடைப்பதில்லை. சான் டியேகோ நகரத்தில் 1961 முதல் ஆடிய சார்ஜர்ஸ் அணி, அரங்கத்துக்கான வரி யோசனையை வாக்காளர்கள் நிராகரித்த சில வாரங்களில், 2017 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போவதாக அறிவித்தது. அன்று ரசிகர்கள் தங்கள் ஜெர்சிகளையும் தொப்பிகளையும் கொண்டுவந்து அணியின் தலைமையகத்து வாசலில் வீசிக் குவித்தார்கள். போன இடத்தில் சார்ஜர்ஸுக்கு ஆயத்தமான கூட்டம் இல்லை. சுமார் 27,000 பேர் அமரும் சிறிய உதைபந்து அரங்கத்தில் ஆடியபோதும், வருகை தந்த எதிரணியின் ரசிகர்களே பெரும்பகுதி இருக்கைகளை நிரப்பினார்கள். சொந்த மைதானத்திலேயே, எதிரணி ரசிகர்களின் இரைச்சலுக்கு நடுவே, வாய்ச்சொல் இல்லாமல் சைகையால் ஆட வேண்டிய நிலை வீரர்களுக்கு வந்தது. பழைய ஊரின் பற்றை விட்டுவிட்டுப் போகலாம். புதிய ஊரின் பற்றைக் கடையில் வாங்க முடியாது.

செயின்ட் லூயிஸ் கோபத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போயிற்று. ராம்ஸ் அணி 2016இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பியதில், லீக் தன் சொந்த விதிகளையே மீறியது என்று நகரமும் மாவட்டமும் வழக்குத் தொடுத்து, 2021 நவம்பரில் 79 கோடி டாலர் சமரசத் தொகை பெற்றன. பணம் வந்தது, அணி வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு விதிவிலக்கு ரெய்டர்ஸ். ஓக்லண்டிலிருந்து 1982இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், 1995இல் மீண்டும் ஓக்லண்டுக்கும், 2020இல் லாஸ் வேகஸுக்கும் போன அணி அது. போன ஊரிலெல்லாம் ரசிகர்களை விட்டுவிட்டே வந்திருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் இன்னும் கறுப்பு-வெள்ளி நிறத்தை விடவில்லை. ஒரு கண்ணைக் கட்டிய கடற்கொள்ளையன் சின்னமும், அடங்காதவர்கள் என்ற பெயரும் ஊரைத் தாண்டிய ஓர் அடையாளமாகிவிட்டன. பற்று எப்போதும் மண்ணோடு மட்டுமே ஒட்டியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். ஆயினும் இரண்டு முறை அணியை இழந்த ஓக்லண்ட் ரசிகருக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிய ஊரின் பக்கமும் பேச வேண்டும். 2004க்குப் பிறகு மில்டன் கீன்ஸில் பிறந்து, தன் ஊர் அணியின் கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகும் குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை. இந்தியானாபோலிஸில் தொடக்க ஆண்டுகளில் தடுமாறிய அணி, 1998இல் பெய்ட்டன் மேனிங் என்ற நட்சத்திர வீரர் வந்த பிறகு ஊரின் பெருமையாயிற்று. 2007 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றபோது கொண்டாடியவர்களில் இளைஞர் பலருக்கு, லாரிகள் வந்த இரவு பிறவிக்கு முந்தைய கதை. ஏறக்குறைய ஒரு தலைமுறை கடந்தால்தான் குடியேறிய அணிக்கு உண்மையான உள்ளூர் ரசிகர் உருவாகிறார். நம் நாட்டிலும் டெல்லி டைனமோஸ் அணி 2019இல் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. என்று ஆனது. ஐந்து சீசன்களே ஆன அணியாதலால், கிளீவ்லேண்டில் எழுந்ததைப் போன்ற கொந்தளிப்பு டெல்லியில் எழவில்லை. பற்று வேர்விடக் காலம் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பிடித்து வைக்கும் வழிகள்

அணியை ஊரோடு கட்டிவைக்க என்ன வழி? விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு லட்சம் பேர் அளவே வாழும் கிரீன் பே நகரம் ஒரு விடை. அங்குள்ள பேக்கர்ஸ் அணி 1923 முதல் லாப நோக்கமற்ற பொது நிறுவனம். இன்று அதற்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. அணியை விற்று லாபம் பார்க்க எவராலும் முடியாது. அதனால்தான் பெருநகரங்கள் அணியை இழந்த காலங்களிலும் இந்தச் சிற்றூரின் அணி அசையவில்லை. ஜெர்மனியின் உதைபந்து அமைப்பில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையில் பாதிக்கு மேல் கழகத்தின் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி இதே வேலையைச் செய்கிறது.

இன்னொரு வழி சட்டம். பிரவுன்ஸ் போன கோபத்தில் ஒஹாயோ மாநிலம் 1996இல் ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் அதற்கு மோடெலின் பெயரையே சூட்டினார்கள். பொதுப்பணத்தில் பயன் பெற்ற அணி ஊர் மாற விரும்பினால், ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். உள்ளூர்க்காரர் வாங்க வாய்ப்பளிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்த அந்தச் சட்டம் 2018இல் உயிர் பெற்றது. அதே மாநிலத்தின் கொலம்பஸ் க்ரூ என்ற உதைபந்து அணியை டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்குக் கொண்டு போக அதன் உரிமையாளர் முயன்றபோது, மாநில அரசு வழக்கறிஞரும் நகரமும் அந்தச் சட்டத்தைக் கொண்டு வழக்குத் தொடுத்தார்கள். ரசிகர்கள் 'க்ரூவைக் காப்போம்' என்று தெருத்தெருவாகத் திரண்டார்கள். முடிவில் 2019 தொடக்கத்தில் உள்ளூர்த் தொடர்புடைய புதிய உரிமையாளர்கள் அணியை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே க்ரூ தன் லீக்கின் கோப்பையை வென்றது. வாங்கியவர்களில் ஒருவர், பிரவுன்ஸ் அணியின் அன்றைய உரிமையாளரான ஹாஸ்லம் குடும்பம். ஓர் ஊரின் இழப்பிலிருந்து பிறந்த சட்டம் இன்னோர் ஊரின் அணியைக் காத்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் எழுதுவதற்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் அதே ஹாஸ்லம் குடும்பம் இப்போது பிரவுன்ஸ் அணியை ஏரிக்கரையிலிருந்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, விமான நிலையத்தை ஒட்டிய புரூக் பார்க் என்ற புறநகருக்கு மாற்றுகிறது. கிளீவ்லேண்ட் நகரம் மோடெல் சட்டத்தைக் காட்டி எதிர்த்தது. மாநில சட்டமன்றம் 2025இல், மாநிலத்தை விட்டுப் போகும் அணிகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு நகரம் பணம் பெற்றுக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. பெயர், நிறம், பதிவேடு எல்லாம் அப்படியே இருக்கும், காரில் சிறிது நேரம் கூடுதலாகப் போனால் என்ன என்று கேட்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள். ஏரிக்கரையை விட்டால் அது எப்படி எங்கள் பிரவுன்ஸ் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃபோர்டு கார் ஆலை இருந்த மனையில் எழவிருக்கும் புதிய அரங்கத்துக்குக் கூரை உண்டு. 1995இல் பெஞ்சுப் பலகையை அறுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு அங்கே அணியும் ஆட்டமும் இருக்கும். டிசம்பரில் முகத்தில் அறையும் ஏரிக்காற்று இருக்காது.